சோலைராஜின் இரண்டாவது மானிட்டர்

"இடம் பத்தல மேடம்," என்றார் சோலைராஜ்.

வல்லி தன் மேசையிலிருந்து நிமிரவில்லை. "எதுக்குண்ணே?"

"எல்லாத்துக்கும்தான். இன்னொரு மானிட்டர் வேணும்."

"ஏற்கெனவே ரெண்டு வச்சிருக்கீங்க."

"ரெண்டும் நெறஞ்சு போச்சு."

வல்லி எழுந்து வந்தாள்.

அந்த ஆபீசில் அவள்தான் குரு. பட்டம் யாரும் கொடுக்கவில்லை. எது உடைந்தாலும் எல்லோரும் அவள் மேசைக்குத்தான் போவார்கள், அவ்வளவுதான். திண்டுக்கல்லில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடி. நாள் முழுக்க தரை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். சிறிய கம்பெனி, சிறிய சாஃப்ட்வேர்கள்.

வல்லிக்கு இருபத்தாறு வயது. சோலைராஜுக்கு நாற்பது தாண்டிவிட்டது. தெரிந்தவள் குரு, தெரியாதவர் சீடர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மேடம் என்பார். கோபம் வந்தால் மட்டும் தாயி.

சோலைராஜ் அதே கம்பெனியில் வெகுகாலம் போனில் உட்கார்ந்திருந்தவர். சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினால் வாங்கியவர்கள் கூப்பிடுவார்கள். சோலைராஜ் எடுப்பார். அவர்கள் திட்டுவார்கள். சோலைராஜ் "புரியுது சார்" என்பார். எதுவும் புரியாது. அடுத்த போன் வரும்.

ஒருநாள் மேனேஜர் பிரிட்டோவிடம் போய் நின்றார்.

"என் காதுல இனிமே இடமில்ல சார். நான் புரோகிராம் எழுதக் கத்துக்கறேன்."

பிரிட்டோ நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. "சரி. காலேஜ் பஸ் பக்கத்த நீங்களே எழுதுங்க. நீங்களே ஓட்டிக் காட்டுங்க. கேட்டா பதில் சொல்லணும். முடியலன்னா திரும்பப் போன்தான். அப்புறம் இதப் பத்திப் பேசக் கூடாது."

காட்ட வேண்டிய நாள் இன்றுதான். சாயங்காலம் நாலு மணிக்குக் காலேஜ்காரர்கள் வருவார்கள்.

அந்த வெப் பக்கம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. மாணவர் தன் ஸ்டாப்பின் பெயரைத் தட்டினால், எந்த பஸ் எத்தனை மணிக்கு அங்கே வரும் என்று காட்ட வேண்டும்.

வல்லி அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

புரோகிராம் எழுதுகிற எடிட்டர் முழுக்க சின்னச் சின்ன ஜன்னல்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஓரத்தில் ஒன்று. ஒவ்வொன்றின் தலையிலும் டேப்கள் நெருக்கியடித்து நின்றன. கூட்டத்தில் ஃபைல் பெயர்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. இடது மானிட்டரில் பச்சை நிறம், வலது மானிட்டரில் நீல நிறம் என்று பிரித்து வேறு வைத்திருந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"ஒம்பது மணிக்கே."

"எழுதியாச்சா?"

"அடுக்கியாச்சு."

வல்லியின் உதடு லேசாக விரிந்தது.

"சிரிக்காதீங்க மேடம். எல்லாம் கண்ணு முன்னாடி இருந்தாத்தான் எனக்குக் கை ஓடும். இத இங்க வச்சா அது மறையுது. அத அங்க வச்சா இது சின்னதாப் போயிருது. காலையிலேர்ந்து இதே வேலதான். வீட்டுல பீரோவக்கூட இப்படித் தள்ளுனதில்ல."

"அசதியா இருக்கா?"

"இருக்காதா பின்ன?"

"வலது பக்கம் என்ன இருக்கு?"

"நீங்க எழுதினது. பழைய புரோகிராம் பூராவும் தொறந்து வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"பாத்து எழுத."

"இடது பக்கம்?"

"நான் எழுதுறது."

வல்லி குனிந்து இடது மானிட்டரைப் படித்தாள். கொஞ்ச நேரம் படித்தாள்.

"இதுவும் நான் எழுதினதுதான்."

சோலைராஜ் தாடையைச் சொறிந்தார்.

"பேரு மட்டும் மாத்தியிருக்கேன்," என்றார்.

வல்லி வலது மானிட்டரின் கீழே கைவிட்டு பட்டனை அமுக்கினாள். மானிட்டர் இருண்டது.

"தாயி!"

"இன்னைக்கு ஒண்ணு போதும்."

"இன்னைக்கா? இன்னைக்கா இந்த விளையாட்டு? நாலு மணிக்கு ஆளு வர்றாங்க!"

"அதனாலதான் இன்னைக்கு."

அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். இடது மானிட்டரில் இருந்த அவளுடைய வரிகளையும் போகிற போக்கில் அழித்துவிட்டுத்தான் போனாள்.

சோலைராஜுக்குக் கோபம் வந்தது. பட்டனை மறுபடி அமுக்க ஒரு விரல் போதும். அமுக்கவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது. சண்டை போடத் தெம்பில்லை, அதுதான் உண்மையாக இருக்கும்.

எழுத ஆரம்பித்தார்.

ஒரு தொல்லை இருந்தது. மானிட்டர் அணைந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வலது பக்கம் இன்னும் ஒரு திரை இருக்கிறது என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. மவுஸைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் அம்பு இருட்டுக்குள் போய்விடும். பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அதை இழுத்து இழுத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

"எங்கடா போன?" என்று அம்பைத் திட்டுவார். "வாடா இங்க."

வல்லிக்குக் கேட்கும். திரும்ப மாட்டாள்.

முதலில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வரி வந்தது. தப்பு. அழித்தார். இன்னொன்று வந்தது. அதுவும் தப்பு, ஆனால் எங்கே தப்பு என்று தெரிந்தது.

"மேடம், ஸ்டாப் பேர எப்படித் தேடுறது?"

"பஸ் ஸ்டாண்டுல நின்னா எப்படிண்ணே தேடுவீங்க?"

"ஒவ்வொரு பஸ்ஸா போர்டப் பாப்பேன்."

"அப்புறம் என்ன?"

"கிண்டலா?"

"இல்ல. அதையே எழுதுங்க."

எழுதினார். பஸ்ஸை ஒவ்வொன்றாகப் பார். அந்த ஸ்டாப் வந்தால் நில். வரவில்லை என்றால் அடுத்த பஸ். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வல்லி எழுதினால் மூன்று வரியில் முடிப்பாள். அவருடையது ஒரு முழத்துக்கு நீண்டது. நடுவில் தேவையில்லாத வரிகள் கிடந்தன. எடுத்தால் என்ன ஆகுமோ என்று எடுக்காமல் விட்டார்.

ஆனால் ஓடியது. எடிட்டரிலேயே ஓட்டிப் பார்த்தார். பேகம்பூர் என்று தட்டினார். பஸ் வந்தது. வேடசந்தூர் என்று தட்டினார். பஸ் வந்தது.

சாப்பாட்டுக்குக்கூட அவர் எழவில்லை. எழுந்தால் மறந்துவிடும் என்று பயம்.

ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. சேவ் பண்ணவில்லை. அந்த ஃபைல் பொது ஃபோல்டரில் இருந்தது. சேவ் பண்ணினால் வல்லியால் திறந்து பார்க்க முடியும். இந்த அசிங்கத்தை அவள் பார்ப்பதை அவர் விரும்பவில்லை. கொஞ்சம் அழகாக்கிவிட்டு சேவ் பண்ணலாம், கொஞ்சம் அழகாக்கிவிட்டு சேவ் பண்ணலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

மூன்று மணிக்கு மேல், இனி அழகு வராது என்று தெரிந்த பிறகு, சேவ் கொடுத்தார்.

டொங்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கொடுத்தார்.

டொங்.

எழுத்தைத் தட்டினார். டொங். மவுஸால் அமுக்கினார். டொங். எடிட்டர் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. எழுதியதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. தொட முடியவில்லை.

"மேடம்," என்றார். பிறகு சத்தமாக, "மேடம்!"

அந்தப் பக்கமாக வந்த பிரிட்டோதான் முதலில் எட்டிப் பார்த்தார். "ஹேங் ஆயிருச்சா? வம்படியா மூடிட்டுத் திரும்பத் தொறங்க."

"சேவ் பண்ணல சார்."

"எதையுமா?"

"எதையும்."

பிரிட்டோ கடிகாரத்தைப் பார்த்தார். "சோலைராஜ், போன்ல எத்தன பேருக்குச் சொல்லியிருப்பீங்க, சேவ் பண்ணுங்க சார் சேவ் பண்ணுங்க சார்னு?"

"எல்லாருக்கும் சொல்லியிருக்கேன் சார்."

"அவங்க வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் பிரிட்டோ போய்விட்டார்.

சோலைராஜின் விரல் எடிட்டரை வம்படியாக மூடுகிற கட்டளை மேல் நின்றது. மூடினால் எல்லாம் போய்விடும். மூடாவிட்டாலும் காட்ட ஒன்றுமில்லை. திங்கள்கிழமை காலையில் மாட்ட வேண்டிய ஹெட்போன் அவர் காதில் இப்போதே உறுத்தியது.

"கைய எடுங்கண்ணே," என்றாள் வல்லி. வந்து நின்றிருந்தாள்.

"செத்துப் போச்சு மேடம்."

"இன்னொரு தடவ தட்டுங்க."

டொங்.

"செத்திருந்தா சத்தம் வராது. அது எதையோ கேட்டுட்டு, பதிலுக்கு நிக்குது."

"எங்க கேட்டுச்சு? எதுவும் வரலையே. கேள்வி கேட்டா ஒரு பெட்டி வரும். அந்தப் பெட்டி மூஞ்சிக்கு நேரா வர்றது எனக்குப் பிடிக்காது. அதான் எப்பவும் வலது பக்கம் வர்ற மாதிரி…"

நிறுத்தினார். இருண்ட மானிட்டரைப் பார்த்தார்.

வல்லியும் பார்த்தாள். அவள் கை பட்டனை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"என்னாச்சு? போடுங்க."

அவள் போடவில்லை.

"போடுங்க தாயி, மணியாகுது!"

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சோலைராஜே அமுக்கினார்.

மானிட்டர் வெளிச்சமானது. அவர் அடுக்கி வைத்த ஜன்னல்கள் அப்படியே இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னப் பெட்டி நின்றது.

சோலைராஜ் வாய்விட்டுப் படித்தார். "நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது இந்த ஃபைலை வேறு ஒருவர் மாற்றிவிட்டார். உங்களுடையதை வைக்கவா? அவருடையதை எடுக்கவா?"

மறுபடியும் படித்தார். இந்தத் தடவை மனசுக்குள்.

"இந்த ஃபைல் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஆமா."

"நான் மாத்தல."

"நான்தான்."

"எப்ப?"

"சாப்பாட்டு நேரத்துல."

"என்ன எழுதினீங்க?"

"பஸ் பக்கம். முழுசா."

சோலைராஜ் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நான் இங்க உக்காந்து எழுதிட்டிருக்கேன்னு தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப காலையில எதுக்கு இத அணைச்சீங்க?"

"நீங்க எழுதணும்னுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் பயம் வந்துருச்சுண்ணே. நீங்க சாப்பிடக்கூட எந்திரிக்கல. முடியாம போச்சுன்னா என்னாலதான் போனுக்குப் போறீங்கன்னு ஆயிரும். அதான் எழுதிப் போட்டேன். கடைசி நிமிஷத்துல உங்களது வரலன்னா இதையே காட்டிரலாம்னு."

"அணைச்சதும் நீங்க. எழுதுனதும் நீங்க."

"ரெண்டும் நான்தான்."

சோலைராஜுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இவ்வளவு நாளில் முதல் முறையாக அவளுக்கும் அலுத்திருப்பது தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆபீசில் எது உடைந்தாலும் அவள்தான். அவளும் தூங்கியிருக்க மாட்டாள்.

"உங்களது நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"ஓடுமா?"

"ஓடும்."

"என்னோடது?"

"தெரியாது. நான் பாக்கல. நீங்க சேவ் பண்ணலையே."

அவர் மவுஸை எடுத்தார். அம்பு பெட்டிக்கு மேலே வந்தது. இரண்டு பட்டன்களுக்கும் நடுவில் நின்றது.

"என்னோடத எடுங்கண்ணே," என்றாள் வல்லி. "இன்னைக்கு மட்டும். திங்கக்கிழம உக்காந்து எழுதிக்கலாம். வேல முக்கியம்."

"முக்கியம்தான்."

"பின்ன?"

"உங்களோடத எடுத்தா பிரிட்டோ கேக்குற ஒவ்வொண்ணுக்கும் உங்க மூஞ்சியத் திரும்பிப் பாக்கணும். காலேஜ்காரன் கேட்டாலும் பாக்கணும். நாளைக்கு அது உடைஞ்சாலும் பாக்கணும்." பெருமூச்சு விட்டார். "அதுவும் போன் மாதிரிதான் தாயி. புரியுது சார், புரியுது சார்."

"உங்களது ஓடலன்னா?"

"ஓடலன்னா ஓடல."

தன்னுடையதை வை என்பதை அமுக்கினார். பெட்டி போனது. வல்லி எழுதியதும் போனது. எடிட்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்தது.

வல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது மானிட்டரைப் படிக்கக் குனிந்தாள்.

"பாக்காதீங்க," என்றார் சோலைராஜ்.

"ஏன்?"

"அசிங்கமா இருக்கு."

"எனக்கென்ன?"

"பாத்தா திருத்துவீங்க."

அவள் நிமிர்ந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிரிட்டோ வந்தார். வேர்த்திருந்தார்.

"கீழ வந்துட்டாங்க. வண்டி நிறுத்த இடம் தேடிட்டிருக்காங்க. ஓடுதா?"

"ஓடுது சார்."

"எங்க, நான் தட்டுறேன்." குனிந்து பேகம்பூர் என்று தட்டினார். பஸ் வந்தது. "பரவால்லையே." வேடசந்தூர் என்று தட்டினார். பஸ் வந்தது. பிறகு நாகல்நகர் என்று தட்டினார்.

பஸ் வந்தது. ஒரே ஒரு பஸ்.

"நாகல்நகருக்கு ரெண்டு பஸ் போகுமே," என்றார் பிரிட்டோ. "இன்னொண்ணு எங்க?"

சோலைராஜ் திரையை உற்றுப் பார்த்தார்.

"சோலைராஜ், அவங்க முதல்ல இதத்தான் தட்டிப் பாப்பாங்க. பாதிப் பிள்ளைங்க அங்கதான் ஏறுது. ஏன் ஒண்ணுதான் வருது?"

வல்லிக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

"மேடம்," என்றார் சோலைராஜ். "செத்த நேரம் பேசாம இருங்க."

ஆபீசில் அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நான்தான் சார் தப்பா எழுதிட்டேன்," என்றார் சோலைராஜ், பிரிட்டோவிடம். "ஒரு பஸ் கெடச்சதும் நில்லுன்னு எழுதியிருக்கேன். நானா இருந்தா முதல் பஸ்ல ஏறிருவேன், அதான் அப்படி எழுதிட்டேன். நிக்காம கடைசி பஸ் வரைக்கும் பாக்கச் சொல்லணும். அந்த நிக்கிற வரிய எடுத்துட்டு, கெடச்ச பஸ் எல்லாத்தையும் சேத்து வச்சுக் காட்டணும். எந்த இடம்னு எனக்குத் தெரியும்."

பிரிட்டோ வல்லியைப் பார்த்தார். "இவரு சொல்றது சரியா?"

"நான் அந்தப் புரோகிராமப் பாக்கல சார்," என்றாள் வல்லி.

"என்னம்மா சொல்ற? நீ பாக்காம எதுவும் இங்கேருந்து வெளிய போனதில்லையே."

"இது போகுது."

பிரிட்டோ மாடிப்படிப் பக்கம் காது கொடுத்தார். கீழே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிற சத்தம்.

"அவங்களுக்குத் தண்ணி குடுத்து, என் ரூம்ல உக்கார வச்சுப் பேசிட்டிருக்கேன். அதுக்குள்ள முடிங்க சோலைராஜ்."

சோலைராஜ் ஏற்கெனவே அந்த வரிக்குப் போயிருந்தார்.

வல்லி எழுந்து நாற்காலியைத் தூக்கித் தன் மேசைக்குத் திருப்பி வைத்தாள். மேசை மேலிருந்த சிறிய பர்ஸை எடுத்துக்கொண்டாள்.

"நீ எங்கம்மா கெளம்பற?" என்றார் பிரிட்டோ, போகிற வழியில் நின்று.

"கீழ போய் டீ குடிச்சிட்டு வர்றேன் சார்."

"இப்பவா?"

வல்லி திரும்பிச் சோலைராஜைப் பார்த்தாள். அவர் நிமிரவே இல்லை.

"இப்பத்தான் சார்," என்றாள்.